வீட்டுக்குள் பெய்த மழை

ஈப்போவில் சுற்றுலா வழிகாட்டி வேலை பார்க்கும் பிள்ளைகள் மூன்று பேர் போன மாதம் என்னைப் பார்க்க வந்தார்கள். மலை மாளிகையில் இனிமேல் காதில் மாட்டிக்கொள்ளும் கருவி ஒன்றைக் கொடுக்கப்போகிறார்களாம். எந்த மொழி வேண்டுமோ அந்த மொழியில் அதுவே கதை சொல்லுமாம். "அதுவே எல்லாத்தையும் பேசிடுச்சுன்னா நாங்க என்னக்கா பேசுறது?" என்று ஒருத்தி கேட்டாள். கேட்டது சிரித்துக்கொண்டுதான். ஆனால் மற்ற இரண்டு பேரும் சிரிக்கவில்லை. முறுக்கும் தேநீரும் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அவர்கள் போன பிறகுதான் தோன்றியது. அந்த மாளிகையில் நான் பேசாமல் இருந்ததற்குத்தான் பெரும்பாலும் சம்பளம் வாங்கியிருக்கிறேன். வாயாடி என்று ஊரெல்லாம் பெயர் எடுத்த கமலா இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? அதனால் எழுதிவைக்கிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், ஈப்போவிலிருந்து பீடோர் போகும் பழைய சாலையில் பாதி தூரம் தாண்டினால் இடது கைப்பக்கம் தனியாக ஒரு குன்று தெரியும். சுற்றிலும் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை, முன்பு ரப்பர். உச்சியில் ஒரு வெள்ளைக்காரத் துரை தனக்கென்று கட்டிக்கொண்ட மாளிகை நிற்கிறது. ராஜா யாரும் அதில் வாழ்ந்ததில்லை. ஆனாலும் தோட்டத்து ஜனங்கள் கட்டிய நாளிலிருந்தே அதை அரண்மனை என்றுதான் சொன்னார்கள். துரை போய், அவர் பிள்ளைகளும் போய், தோட்டம் கைமாறிய பிறகு பல வருஷம் பூட்டிக்கிடந்தது. பிறகு சுத்தம் செய்து, ஜனங்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள்.

நான் அதற்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். சின்ன வயதில் மரங்களுக்கு மேலே அதன் வெள்ளை உச்சி மட்டும் தெரியும். அங்கே ஏறிப் பார்க்கலாம் என்ற எண்ணம் எங்கள் யாருக்கும் வந்ததே இல்லை. நிலா மேலே ஏறிப் பார்க்கலாம் என்று யார் நினைப்பார்கள்? தோட்டம் போனதும் ஈப்போவுக்கு வந்து எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் சேர்ந்தேன். கண் கெட்டது. ஷிப்டு வேலை வெறுத்தது. கார் ஓட்டப் பழகினேன். சாயங்கால வகுப்புக்குப் போய், முதல் தடவை கோட்டை விட்டு, இரண்டாம் தடவை வழிகாட்டி லைசென்ஸ் எடுத்தேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லோரும் படுகிற பாடுதான்.

மெய்யப்பன் அண்ணனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவர்தான் எனக்கு வேலை கொடுத்தவர். செட்டிநாட்டுக் குடும்பம். கூடப் பிறந்தவர்கள் டாக்டரும் வக்கீலுமாக இருக்க, இவர் மட்டும் இரண்டு வேன் வாங்கிச் சுற்றுலாத் தொழில் நடத்தினார். பெரிய கூட்டத்தை ஏற்றமாட்டார். ஒரு குடும்பம், ஒரு நாள், ஒரு வழிகாட்டி. காலையில் வீட்டு வாசலில் ஏற்றி, சாயங்காலம் அதே வாசலில் இறக்குவது. வெள்ளைச் சட்டை, விபூதி, மெல்லிய குரல். வயதான பெண் யாராக இருந்தாலும் அவருக்கு ஆச்சிதான். சீனக் கிழவியையும் ஆச்சி என்பார், அந்த அம்மாவும் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். தப்பு செய்தால் திட்டமாட்டார். "அப்படியா கமலா?" என்று கேட்பார். அதற்குத் திட்டியிருக்கலாம் என்று தோன்றும்.

வேலையில் சேர்ந்த முதல் வாரம் அவர் என்னை மலை மாளிகைக்கு அழைத்துப் போனார். நான் விருந்தாளி, அவர் வழிகாட்டி. அப்படித்தான் அவர் பழக்குவார். ஈப்போவை விட்டுக் கிளம்பும்போதே நான் கதை கேட்கத் தயாராகிவிட்டேன். அவரோ சாலையோர டுரியான் பழக்கடையைப் பற்றிப் பேசினார், ஆற்றைப் பற்றிப் பேசினார், மாளிகையைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. குன்றின் அடியில் தண்ணீர் குடிக்கச் சொன்னார். படி ஏறும்போது எனக்குப் பின்னால் வந்தார். ஏன் அண்ணே பின்னால் வருகிறீர்கள் என்று கேட்டேன். முன்னால் போனால் விருந்தாளி மாளிகையைப் பார்ப்பாரா, என் முதுகைப் பார்ப்பாரா என்று கேட்டார்.

வளைவு ஒன்று வரும். அதில் திரும்பியதும் மாளிகை மொத்தமாக எதிரே நிற்கும். அதுவரை மரங்கள் அதை மறைத்திருக்கும். அந்த வளைவில் அவர் நின்றுவிட்டார். நானும் நின்றேன். வளைவு வளைவாக வாசல்கள், அவற்றுக்கு மேலே தூண்கள், அதற்கும் மேலே நான் சின்ன வயதில் தூரத்தில் பார்த்த அந்த வெள்ளை உச்சி. அது உச்சி இல்லை, ஒரு பெரிய குவிமாடத்தின் மேல்முனை. நான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

உள்ளே போகும் கதவில் அவர் ஒதுங்கி நின்று என்னைத் தனியாக அனுப்பினார். நடுவில் வட்டமான கூடம். வெள்ளைப் பளிங்குத் தரை. தலைக்கு மேலே குவிமாடம், அதன் நட்ட நடுவில் வட்டமாக ஒரு திறப்பு. கண்ணாடியும் இல்லை, கூரையும் இல்லை, நேரே வானம். நான் போன நேரம் மழை பிடித்துக்கொண்டது. அண்ணன் மலைத்தொடர் பக்கம் மேகத்தைப் பார்த்துத்தான் புறப்படும் நேரத்தை வைப்பார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மழை அந்தத் திறப்பு வழியாக வீட்டுக்குள் விழுந்தது. கூடத்தின் நடுவில் மட்டும். நான்கு பக்கமும் சுவர் காய்ந்திருந்தது, என் சட்டை காய்ந்திருந்தது, நடுவில் தரையிலிருந்து வானம் வரைக்கும் ஒரு தூண் மாதிரி மழை நின்றது. வாளியிலிருந்து தொட்டிக்கு ரப்பர்ப் பாலைச் சாய்க்கும்போது சில நொடி அறுபடாமல் விழுமே, அந்த மாதிரி, ஆனால் நிற்காமல். தரையில் சிறிய துளைகள் இருந்தன, தண்ணீர் அவற்றில் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அழுதுகொண்டிருந்தேன். ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. நான் கோயிலில்கூட அப்படி அழுததில்லை.

மழை விட்ட பிறகுதான் அண்ணன் உள்ளே வந்தார். "கால் நடக்கும்போது வாய் நடக்கக் கூடாது, கண் நிற்கும்போதும் வாய் நடக்கக் கூடாது. அவங்க முதல்ல பேசட்டும், அப்புறம் நீங்க பேசுங்க," என்றார். அவர் எனக்குக் கொடுத்த பயிற்சி அவ்வளவுதான். அதன் பிறகு எத்தனையோ பேரை அந்தக் கதவுக்குள் அனுப்பிவிட்டு வெளியே நின்றிருக்கிறேன். கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் வேனில் ஏறியதிலிருந்து சண்டை போட்டுக்கொண்டே வந்தது. உள்ளே போனதும் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தால் புருஷன் பெண்சாதி கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு ஜெர்மன்காரர் அந்தத் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்துவிட்டார். கட்டடக் கலை படித்தவராம். படித்ததை எல்லாம் வெளியே கழற்றி வைத்துவிட்டுப் படுத்திருந்தார், பாவம்.

கழற்றி வைப்பது என்றதும் செருப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

குன்றின் அடியில் தூங்குமூஞ்சி மரத்துக்குக் கீழே ஒரு முனியாண்டி இருக்கிறார். அரிவாள், மீசை, காலடியில் சுருட்டு. சுற்றுவட்டாரத் தோட்டத்து ஆட்கள் அந்தக் குன்றில் செருப்புப் போட்டு ஏறமாட்டார்கள். முனி காலடியில் செருப்பை விட்டுவிட்டு, பக்கவாட்டில் போகும் ஒற்றையடிப் பாதையில் வெறுங்காலோடு ஏறுவார்கள். அது முனியின் மலை, செருப்போடு ஏறினால் கால் முடங்கும் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் நான். அண்ணனோடு முதல் தடவை ஏறியபோதும் செருப்பை அங்கேதான் விட்டேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

பல மாதம் கழித்துத்தான் சொன்னார். மாளிகைக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கிறது, அது கால் கழுவ. முன்வாசலில் தரையோடு தரையாக ஓர் இரும்புப் பட்டை பதித்திருக்கிறது, அது பூட்ஸில் ஒட்டிய சேற்றைச் சுரண்ட. துரையின் விருந்தாளிகள் பூட்ஸோடு முன்படியில் ஏறி, சேற்றைச் சுரண்டிவிட்டு உள்ளே போனார்கள். கூலிகள் பளிங்குத் தரையில் செம்மண்ணைக் கொண்டுவந்துவிடக் கூடாது என்று வெறுங்காலோடு அந்த ஒற்றையடிப் பாதையில் ஏறி, தொட்டியில் காலைக் கழுவ வேண்டும். அது துரை வீட்டுச் சட்டம். முனியை அங்கே வைத்துக் கும்பிட ஆரம்பித்ததே அதற்கு அப்புறம்தான். அந்தத் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் அண்ணன் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டது இது.

தெரிந்த பிறகும் நான் செருப்பைக் கழற்றுவதை நிறுத்தவில்லை. வெள்ளைக்கார விருந்தாளிகள் சப்பாத்தோடு முன்படியில் ஏற, நான் வெறுங்காலோடு அவர்களுக்குப் பின்னால் ஏறினேன். மூளைக்குத் தெரிந்தது காலுக்குத் தெரிய வேண்டாமா? ஆனால் விருந்தாளிகளை மட்டும் அந்த இரும்புப் பட்டையில் சேற்றைச் சுரண்டாமல் உள்ளே விடமாட்டேன். சுரண்டாமல் போகிறவர்களை அதட்டுவேன். பாக் டின் என்று ஒரு மலாய்க்காரர் அங்கே காவலும் துப்புரவும் பார்த்தார், தரையில் ஒரு சொட்டு மண் பட்டாலும் மாப்பைக் கொண்டு வரச் சொல்லி அவரையும் விரட்டுவேன். நீ என்ன துரையம்மாவா என்று அவர் மலாயில் கேலி செய்வார்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு ஆயர் தாவாரிலிருந்து பிரேமா என்ற பெண் போன் செய்தாள். பள்ளிக்கூடத்தில் கிளார்க். தன் அம்மாவை மலை மாளிகைக்கு அழைத்துப் போக வேண்டும், அதுவும் இந்த வாரத்துக்குள் என்றாள். அம்மா பெயர் மங்களம். தைப்பிங்கில் கையுறைத் தொழிற்சாலையில் நின்றே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதி. இடது பாதத்தில் புண் ஆறவில்லை, விரல்கள் கறுத்துவிட்டன. அடுத்த வாரம் முட்டிக்குக் கீழே காலை எடுக்கத் தேதி கொடுத்திருந்தார்கள். அதற்குள் அந்தக் குன்றில் தன் இரண்டு காலாலும் ஏறிவிட வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார் என்றாள்.

டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். கட்டுப் போட்டு, ஆஸ்பத்திரியில் கொடுத்த அகலமான சப்பாத்தை மாட்டி, மெதுவாக ஏறினால் தடுக்கமாட்டேன் என்றாராம். ஆனால் அந்தச் சப்பாத்தைக் கழற்றவே கூடாது. மண்ணும் அழுக்கும் புண்ணில் பட்டு விஷம் மேலே ஏறினால், முட்டிக்குக் கீழே என்பது முட்டிக்கு மேலே என்று ஆகிவிடும். முட்டி மிஞ்சினால் பொய்க்கால் வைத்து நடக்கலாம். முட்டியும் போனால் இந்த வயதில் சக்கர நாற்காலிதான்.

அந்த வாரமே ஒரு நாள் காலை ஆயர் தாவாருக்கே போய் ஏற்றிக்கொண்டேன். மங்களம் அக்கா ஒல்லி. பேச்சு குறைவு. நல்ல சேலை கட்டி, பூ வைத்திருந்தார். அண்ணன் பழக்கிய மாதிரி நான் மாளிகையைப் பற்றிப் பேசவில்லை. அவராகத்தான் பேசினார். அந்தக் குன்றின் அடியில் கூலிக் குடும்பங்கள் குடியிருந்த லயத்தில் பிறந்தவர். அப்பா சின்னசாமி மாளிகைத் தோட்டத்தில் புல் வெட்டுகிறவர். ஒருநாள் பெருமழையில் உள்ளே ஏதோ சாமான் தூக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். அன்று வீட்டுக்கு வந்தவர், அரண்மனைக்குள்ளே மழை பெய்கிறது, நடுவில் மட்டும் பெய்கிறது, பார்க்க உடம்பெல்லாம் நடுங்கிப்போச்சு என்று சொல்லியிருக்கிறார்.

லயத்தில் ஒருவரும் நம்பவில்லை. துரை வீட்டுக் கூரை ஒழுகுமா? கள்ளுக்கடையில் ஊற்றிக்கொண்டு வந்து உளறுகிறான் என்றார்களாம். அவருக்கு மழைச் சின்னசாமி என்று பெயரே விழுந்துவிட்டது. சாகும் வரைக்கும் அந்தப் பெயர்தான். பிணத்தைத் தூக்கும்போதுகூட யாரோ அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்களாம். "நான் மட்டும் நம்பினேன்மா. ஒருநாள் உன்னையக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாரு. கூட்டிட்டுப் போவல. அவரு கால்ல ஏறினாரு, நானும் கால்லதான் ஏறணும்," என்றார். இத்தனை வருஷம் ஏன் வரவில்லை என்று கேட்கலாமா என்று நினைத்தேன். ஷிப்டு வேலை பார்த்தவளுக்கு அந்தக் கேள்வியின் பதில் தெரியும்.

வண்டி ஏறும் பாதை ஒன்று பின்பக்கம் உண்டு, உச்சிவரை கொண்டு விடுகிறேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டார். அடியில் வண்டியை நிறுத்தினேன். தண்ணீர் கொடுத்தேன். மங்களம் அக்கா முனியாண்டியைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், கைகூப்பினார். பிறகு அங்கே இருந்த கல்லில் உட்கார்ந்து சப்பாத்தின் பட்டையை அவிழ்க்க ஆரம்பித்தார்.

பிரேமா ஓடிப்போய் கையைப் பிடித்தாள். டாக்டர் சொன்னது மறந்துபோச்சா, பெரிய சுசாவாயிடும்மா என்று கெஞ்சினாள். சுசா என்றால் தொல்லை என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், அவள் சொன்னபோது அது ரொம்பச் சின்ன வார்த்தையாக இருந்தது. அக்கா குரலை உயர்த்தவில்லை. "முனி நிக்கிறாரு இல்ல. இந்த மலையில எங்க ஆளுங்க யாரும் செருப்புப் போட்டு ஏறினதில்ல. எங்கப்பா ஒருநாளும் போட்டதில்ல. கழட்டாம ஏறுறதுக்கு நான் வராமலே இருந்திருப்பேன்," என்றார். பிரேமா அப்படியென்றால் திரும்பிப் போகலாம் என்று அழுதாள். அக்காவின் விரல்கள் பட்டையிலிருந்து நகரவில்லை.

நான் என் காலைப் பார்த்துக்கொண்டேன். வேனிலிருந்து இறங்கியதுமே என் செருப்பு முனி காலடியில் கிடந்தது. நான் எந்த முகத்தோடு அந்த அம்மாவைத் தடுப்பது?

கொஞ்சம் தள்ளிப் போய் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவருக்கு அப்போது உடம்பு சரியில்லை, வீட்டோடு இருந்தார். முழுதும் கேட்டுவிட்டு, அந்தத் தொட்டியைப் பற்றி ஆச்சியிடம் சொன்னீர்களா என்றார். இல்லை அண்ணே, சாமி விஷயம், எப்படிச் சொல்வது என்றேன். "விஷயத்தைச் சொல்லுங்க, கமலா. முடிவைச் சொல்லாதீங்க. முடிவு அவங்களோடது," என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வந்து அக்காவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். "அக்கா, ஒன்னு சொல்றேன். கேட்டுட்டு நீங்க எது செஞ்சாலும் சரி," என்று ஆரம்பித்தேன். தொட்டியைச் சொன்னேன். இரும்புப் பட்டையைச் சொன்னேன். யார் எந்த வழியாக ஏறினார்கள், யார் காலில் என்ன இருந்தது, எதற்காக என்று அண்ணன் எனக்குச் சொன்ன மாதிரியே கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். வெறுங்காலைக் கேட்டது முனி இல்லை, பளிங்குத் தரை என்று சொன்னேன். அத்தனை வருஷம் தெரிந்த விஷயம், அன்றுதான் என் வாயால் சொல்லி என் காதால் கேட்டேன்.

அவர் தன் பாதத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு கேட்டார். "அப்ப எங்கப்பா சாமிக்குன்னு நெனச்சுல்ல கழட்டினாரு?"

"அவரு மனசுல சாமிதான் இருந்திருக்கும்க்கா. அது பொய்யில்ல," என்றேன்.

அவர் முனியாண்டியை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெரிய கண்களை நேருக்கு நேர் பார்த்தார். ஒரு வீட்டுப் பெரியவரிடம் சொல்வது மாதிரி, "நான் மாட்டிக்கிட்டே வாரேன். நீ தப்பா நெனச்சுக்காத," என்றார். அவிழ்த்த பட்டையைத் திரும்ப இறுக்கிக் கட்டினார். எழுந்து நின்று என்னைப் பார்த்து, "அவங்க ஏறுன படி எங்க இருக்கு?" என்றார்.

காட்டினேன். அவர் நடக்க ஆரம்பித்த பிறகு நான் என் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டேன். அந்தக் குன்றில் அதுதான் முதல் தடவை. கால் கூசியது.

முன்படி அகலமானது, ஆனால் செங்குத்து. நடு நடுவே படி இல்லாமல் செம்மண் சரிவு வரும். பிரேமா ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள், மறுபக்கம் அவர் கைத்தடி. நான் பின்னால் போனேன், விழுந்தால் தாங்க. ஒவ்வொரு அடிக்கும் இடது காலை முதலில் வைத்தார். வலிக்கிற காலை யாராவது முதலில் வைப்பார்களா? அவர் வைத்தார். உட்காரச் சொன்ன இடத்தில் எல்லாம் உட்கார்ந்தார், எழுந்தார். பாதியில் மலைத்தொடர் பக்கம் இருண்டு மழை வந்துவிட்டது. குடை ஒருவரையும் காப்பாற்றவில்லை. மண் குழைந்து சப்பாத்தில் அப்பியது. கட்டு நனையாமல் இருக்க பிரேமா சப்பாத்துக்கு மேலே பிளாஸ்டிக் உறையைச் சுற்றிக் கணுக்காலில் கட்டினாள். அதன் மேலும் மண் அப்பியது. திரும்பிப் போகலாமா என்று யாரும் கேட்கவில்லை.

வளைவில் திரும்பியதும் மாளிகை மழைக்குள் நின்றது. மங்களம் அக்கா நின்றார். கைத்தடியை பிரேமாவிடம் கொடுத்துவிட்டுக் கும்பிட்டார். யாரை என்று எனக்குத் தெரியாது.

முன்வாசலில் அந்த இரும்புப் பட்டை. என் வாய் பழக்கதோஷத்தில் திறந்தது, சேற்றைச் சுரண்டிவிட்டு வாங்க என்று சொல்ல. மூடிக்கொண்டேன். அவர் பட்டையைப் பார்த்தார். இதுதானா என்று கண்ணால் கேட்டார். தலையசைத்தேன். அதைத் தாண்டி உள்ளே போனார்.

நான் கதவோரம் ஒதுங்கி நின்றேன், பிரேமாவையும் நிறுத்திக்கொண்டேன். உள்ளே மழை விழுந்துகொண்டிருந்தது. நான் பார்த்ததிலேயே பெரிய மழை அது. கூடத்தின் நடுவே வானத்திலிருந்து தரைவரை வெள்ளையாக நின்று இரைந்தது. அந்த இரைச்சல் சுவரெல்லாம் ஏறி மேலே குவிமாடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. எத்தனை தடவை பார்த்தும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவர் தனியாக, கைத்தடி இல்லாமல், அந்த மழைக்குப் பக்கத்தில் போய் நின்று கையை நீட்டினார். மழை கையில் விழுந்தது. மற்ற உடம்பெல்லாம் மழைக்கு வெளியே இருந்தது.

"நடுவுல மட்டும்தான் பெய்யுது," என்றார், எங்கள் பக்கம் திரும்பாமலே. "அப்படியேதான் சொன்னாரு." பிறகு அழுதார். பிரேமா போய்ச் சேர்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் திரும்பினார். திரும்பியதும் தரையைப் பார்த்தார். வாசலிலிருந்து அவர் நின்ற இடம்வரை வெள்ளைப் பளிங்கில் செம்மண் தடம். அகலமான சப்பாத்துத் தடம், ஒன்று விட்டு ஒன்று, கொஞ்சம் கோணலாக, விடாமல். அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

"பிரேமா, அங்க பாரு. ரெண்டு காலும் தெரியுது."

பிரேமா போனில் படம் எடுத்தாள். அம்மாவையும் எடுக்கவில்லை, மழையையும் எடுக்கவில்லை. தரையை மட்டும் எடுத்தாள்.

அடுத்த வாரம் முட்டிக்குக் கீழேயே எடுத்தார்கள். விஷம் மேலே ஏறவில்லை. பிரேமா செய்தி அனுப்பியிருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார், நர்ஸ் மிஸ்ஸி வந்து இது என்னம்மா என்று கேட்டால், என் அப்பா வீட்டுக்குப் போயிட்டு வந்தேன் என்கிறார் என்று எழுதியிருந்தாள். இப்போது பொய்க்கால் வைத்து வீட்டுக்குள் நடக்கிறாராம். மெய்யப்பன் அண்ணனிடம் சொன்னேன். "அப்படியா கமலா?" என்றார். அந்த ஒரு தடவைதான் அந்தக் கேள்வி எனக்கு இனித்தது.

பிள்ளைகளா, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அந்தக் கருவி துரையின் பெயரைச் சொல்லும், குவிமாடத்தின் உயரத்தைச் சொல்லும். சொல்லட்டும். அன்று மங்களம் அக்கா அந்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பாக் டின் பக்கத்து அறையிலிருந்து மாப்போடு வந்துவிட்டார். வாசலிலிருந்து நடுக்கூடம் வரைக்கும் மண். அவர் தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மற்ற நாளாக இருந்தால் இந்நேரம் நான் அவரைத் துடைக்கச் சொல்லி விரட்டியிருப்பேன்.

"நந்தி, பாக் டின்," என்றேன். மலாயில் அப்புறம் என்று அர்த்தம். அவர் மங்களம் அக்காவைப் பார்த்தார், மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு எங்களோடு நின்றார். அந்தக் கூடத்தில் அன்று நான் பேசியது அந்த ஒரு சொல்தான்.